பெரியண்ணன் (மலையாளிப் பழங்குடி முன்னோர்)

பெரியண்ணன் என்பவர் தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபில் கூறப்படும் மூத்த முன்னோர் ஆவார். இவர் தம் தம்பியரான நடுவண்ணன், சின்னண்ணன் ஆகியோருடன் காஞ்சிபுரத்தை விட்டு வெளியேறி, சேர்வராயன் மலையில் குடியேறி, அங்கு உழவுத் தொழிலைத் தொடங்கினார் என்பது அம்மரபு. இம்மூவரின் வழிவந்தோரே சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை முதலிய மலைகளில் வாழ்வதாக மலையாளிகள் நம்புகின்றனர்.

பெரியண்ணன் குறித்துக் கல்வெட்டுச் சான்று எதுவும் அறியப்படவில்லை. அவரைப் பற்றிய செய்திகள் அனைத்தும் வாய்மொழிக் கதைகளிலிருந்தும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அவற்றைப் பதிவு செய்த நூல்களிலிருந்தும் பெறப்பட்டவை. எனினும், நிலத்தின் மீதான உரிமை, மலைகளுக்கு இடையிலான உறவுமுறை, அரசின் பழங்குடிப் பட்டியலில் இடம் ஆகிய மூன்று பொருள்களிலும் இக்கதை தொடர்புடையதாக இருப்பதால், சேலம் வட்டார வரலாற்றில் இது முதன்மை பெறுகின்றது.

பெயர்

'மலையாளி' என்னும் சொல் மலை, ஆளி என்னும் இரு சொற்களால் ஆனது. மலையில் வாழ்பவர், மலையை ஆள்பவர் என இது பொருள்படும். கேரள மாநிலத்தில் மலையாள மொழி பேசும் மக்களும் இதே பெயரால் அழைக்கப்பட்டாலும், இவ்விரு மக்களுக்கும் தொடர்பு இல்லை. சேலம் மலைகளின் மலையாளிகளது தாய்மொழி தமிழ் ஆகும். இவர்களுள் பலர் தம் பெயருடன் 'கவுண்டர்' என்னும் பட்டத்தைச் சேர்த்துக் கொள்வதும் உண்டு.

பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பவை இயற்பெயர்களாகத் தோன்றவில்லை. இவை பிறப்பு வரிசையைக் குறிக்கும் உறவுப் பெயர்கள் ஆகும். 'அண்ணன்' என்னும் உறவுப் பெயரே முதன்மையாக நிலைத்திருப்பதிலிருந்து, இக்கதை தனி மனிதர்களை விட மலைகளுக்கு இடையிலான வரிசை முறையையே நினைவில் வைத்துள்ளது என்பதை உணரலாம்.

மரபுவழிக் கதை

இக்கதைக்குப் பல வடிவங்கள் உள்ளன. அவற்றை லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு (1883), ஹெமிங்வே எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச் சுவடி (1907), எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரி ஆகியோரின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' (1909) ஆகிய நூல்களின் வழியாக அறிய முடிகின்றது. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

* முதல் வடிவம்: மலையாளிகளின் முன்னோர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த வேளாளர் ஆவர். தென்னாட்டில் முகம்மதியர் ஆட்சி ஓங்கிய காலத்தில், சுமார் பத்துத் தலைமுறைகளுக்கு முன்பு, அவர்கள் அந்நகரை விட்டு வெளியேறினர். உடன்பிறந்தோர் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையையும், இரண்டாமவர் கொல்லிமலையையும், இளையவர் பச்சைமலையையும் அடைந்தனர்.

* இரண்டாம் வடிவம்: காரிராமன் என்னும் தெய்வம் காஞ்சியில் இருக்க விருப்பமின்றி வேறிடம் தேடிப் புறப்பட்டது. அதன் அடியவர்களான பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆகிய மூவரும் குடும்பத்துடன் அத்தெய்வத்தைத் தொடர்ந்து சேலம் நோக்கி வந்தனர். வழியில் பிரிந்து, பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலை, அஞ்சூர் மலை ஆகியவற்றுக்கும், சின்னண்ணன் மஞ்சவாடிக்கும் சென்றனர்.

* மூன்றாம் வடிவம்: மலைகளை அடைந்த உடன்பிறந்தோர் மூவரும் வெவ்வேறு குலங்களைச் சேர்ந்த பெண்களை மணந்தனர். பச்சைமலைக்குச் சென்றவர் மணந்த பெண் வேடர் குலத்தைச் சேர்ந்தவர். இதன் நினைவாகவே பச்சைமலையில் மணப்பெண் சீப்பு அணிவதாகவும், மணப்பந்தலில் வாளும் அம்பும் வைக்கப்படுவதாகவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்யப்பட்டுள்ளது.

வடிவங்களுக்கு இடையிலான வேறுபாடு

நடுவண்ணனும் சின்னண்ணனும் சென்ற இடங்கள் வடிவத்துக்கு வடிவம் மாறுகின்றன. முதல் வடிவத்தின்படி இளையவருக்கு உரியது பச்சைமலை. ஆனால், சேர்வராயன் மலையினரைப் 'பெரிய மலையாளிகள்' என்றும், கொல்லிமலையினரைச் 'சின்ன மலையாளிகள்' என்றும் வழங்கும் மரபைத் தர்ஸ்டனே குறிப்பிடுகின்றார். இதன்படி நோக்கினால் இளையவருக்கு உரியது கொல்லிமலை ஆகும். முதலிரு வடிவங்களிலும் மாறாத செய்தி, மூத்தவருக்கு உரியது சேர்வராயன் மலை என்பதே ஆகும்.

பயணப் பாதையும் நிலவியலும்

மூவரும் எந்தெந்த ஊர்களின் வழியாக வந்தனர் என்பது மேற்கண்ட வடிவங்களில் விரிவாகக் கூறப்படவில்லை. ஆயினும் கதையில் வரும் இடப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளவை. மஞ்சவாடி என்பது சேர்வராயன் மலைக்கும் அதன் கிழக்கிலுள்ள மலைகளுக்கும் இடையில் அமைந்த கணவாய் ஆகும். வடக்கே அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் ஆகிய ஊர்களிலிருந்து சேலம் சமவெளிக்குள் நுழையும் சாலை இக்கணவாய் வழியாகவே வருகின்றது.

கணவாயைக் கடந்து தெற்கே இறங்கும் அச்சாலை, சேலத்தின் கிழக்கே உள்ள அயோத்தியாப்பட்டணத்தில் சமவெளியைச் சேர்கின்றது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையும் உண்டு. இவ்வூர் இராமபிரான் கோதண்டராமர் கோயிலால் அறியப்படுவது. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமர் இங்குத் தங்கினார் என்பது தலமரபு. மலைமேல் காரிராமனைப் பின்தொடர்ந்து வந்தவர்களின் கதையும், மலையடிவாரத்தில் இராமர் தங்கிய கதையும் அருகருகே வழங்கி வருகின்றன. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக மேற்கண்ட நூல்களில் கூறப்படவில்லை.

மலைகளில் வேளாண்மை

மலையாளிகள் தொடக்கம் முதலே உழவர்களாகக் கருதப்படுகின்றனர். வேட்டையும் தேன், கிழங்கு முதலியவற்றைச் சேகரித்தலும் துணைத் தொழில்களாக இருந்தன. மலை நிலத்தை அவர்கள் பயிரிடும் முறையை ஒட்டி இரண்டாகப் பிரித்தனர்:

* உழவுகாடு: ஏர் பூட்டி உழத்தக்க, சரிவு குறைந்த நிலம்.
* கொத்துக்காடு: ஏர் செல்ல இயலாத சரிவுகளில், கொத்துக் கருவி கொண்டு கிளறிப் பயிரிடும் நிலம். காட்டை வெட்டி எரித்துச் சில ஆண்டுகள் பயிரிட்டு, பின்னர் அதனைத் தரிசாக விட்டு வேறிடம் செல்லும் முறையும் இதில் அடங்கும்.

பள்ளத்தாக்குகளில் ஓடை நீரைக் கொண்டு நெல் விளைவிக்கப்பட்டது. மேட்டு நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்கள் விளைந்தன. கொல்லிமலையில் மட்டும் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை எனச் சாமையில் பல வகைகளும், பெருந்தினை, செந்தினை, கோரந்தினை எனத் தினையில் பல வகைகளும் உள்ளன. மண்ணின் வளம், மழை பெய்யும் காலம், விளைய எடுக்கும் நாட்கள் ஆகியவற்றுக்கு ஏற்ப இவை தேர்ந்து விதைக்கப்பட்டன. ஒரு வகை பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே இதன் அடிப்படை ஆகும். இவ்வகைகள் பல தலைமுறைகளாக விதை காத்து உருவாக்கப்பட்டவை. எனவே, மலையில் இம்மக்களின் நெடுங்கால இருப்பை எடுத்துக்காட்டும் சான்றாக இவற்றைக் கொள்ளலாம்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலம், ஆத்தூர், நாமக்கல் பகுதிகளில் சவ்வரிசி ஆலைகள் பெருகின. அவற்றின் தேவைக்காக மரவள்ளிக் கிழங்கு கொல்லிமலையில் பரவலாகப் பயிரிடப்பட்டு, சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் சுருங்கின. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலை உழவர்களுடன் இணைந்து சிறுதானிய வகைகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. மிளகு, காப்பி, அன்னாசி, பலா, வாழை ஆகியவையும் இம்மலைகளின் பணப்பயிர்கள் ஆகும்.

நாட்டு அமைப்பு

குடியேறிய மலைகள் 'நாடு' எனப்படும் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டன. சேர்வராயன் மலையில் சாலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகள் குறிப்பிடப்படுகின்றன. கொல்லிமலையில் வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு முதலிய பல நாடுகள் உள்ளன. இப்பெயர்கள் இன்று ஊராட்சிகளின் பெயர்களாகத் தொடர்கின்றன.

ஊர், நாடு ஆகியவற்றின் வழக்குகளைத் தீர்ப்பதற்கு மூப்பன், மணியக்காரர், பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் முதலிய பதவிகள் இருந்தன. பதவிப் பெயர்களும் அதிகார எல்லையும் மலைக்கு மலை வேறுபட்டன. மணவுறவு பெரும்பாலும் அந்தந்த மலைக்குள்ளேயே அமைந்தது. இதனால் மூன்று உடன்பிறந்தோரின் வழியினர் எனப்படுவோர் காலப்போக்கில் தனித்தனிக் குழுக்களாயினர். இவ்வாறு பிரிந்த குழுக்களை ஒரே குடும்பமாக இணைக்கும் பொது நினைவாகவே மூவர் கதை பயன்பட்டு வந்துள்ளது.

சேர்வராயன் மலையின் தெய்வமான சேர்வராயனுக்கு மலையுச்சியில் குகைக் கோயில் உள்ளது. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் அதன் விழாவில் சுற்றுவட்டார மலையூர்களைச் சேர்ந்த மலையாளிகள் திரளாகக் கூடுகின்றனர்.

காலம்

குடிபெயர்வு எப்போது நிகழ்ந்தது என்பதில் உறுதியான முடிவு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'பத்துத் தலைமுறைகளுக்கு முன்பு' எனக் கூறப்பட்டதைக் கொண்டு, ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டுகள் எனக் கணக்கிட்டால், 16ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 17ஆம் நூற்றாண்டு என்னும் காலம் கிடைக்கின்றது. கதையில் வரும் முகம்மதியர் ஆட்சி என்பதனை இரு வகையாகப் பொருத்திப் பார்க்கலாம். மாலிக் கபூரின் தென்னகப் படையெடுப்பு 1311இல் நிகழ்ந்தது. இது பத்துத் தலைமுறைக் கணக்குக்கு மிகவும் முற்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோல்கொண்டாவின் படைகள் காஞ்சிப் பகுதியைக் கைக்கொண்டது கணக்குக்கு ஓரளவு பொருந்துகின்றது.

எனினும் வாய்மொழி மரபுகளில் 'பத்துத் தலைமுறை', 'ஏழு தலைமுறை' என்பவை பெரும்பாலும் 'நெடுங்காலம்' என்னும் பொருளில் வழங்குபவை. எனவே இக்கணக்கினை வரலாற்றுக் காலமாக அப்படியே கொள்வதற்கு இல்லை. மேலும், குடிபெயர்வு ஒரே முறையில் நிகழாமல், போர், பஞ்சம், வரிச்சுமை ஆகியவற்றை ஒட்டிப் பல அலைகளாக நிகழ்ந்து, பின்னர் ஒரே கதையாகத் தொகுக்கப்பட்டிருக்கவும் கூடும்.

குடியேற்றத்துக்கு முற்பட்ட மலைகள்

மூவர் வந்தபோது மலைகள் ஆளற்ற காடுகளாக இருக்கவில்லை என்பதற்குப் பல சான்றுகள் உள்ளன. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்தைச் சேர்ந்த, தேய்த்து வழவழப்பாக்கப்பட்ட கற்கோடரிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கொல்லிமலை சங்க இலக்கியங்களில் வல்வில் ஓரி ஆண்ட மலையாகப் பேசப்படுகின்றது. அங்குள்ள அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

மூன்றாம் வடிவக் கதையே இதற்கு இசைவாக அமைகின்றது. பச்சைமலைக்கு வந்தவர் வேடர் குலப் பெண்ணை மணந்தார் என்றால், அம்மலைப் பகுதியில் வேடர்கள் முன்பே இருந்தனர் என்பது பெறப்படும். மணச் சடங்கின் சீப்பும் அம்பும் தந்தைவழிக் காஞ்சி மரபைக் குறிப்பவை அல்ல. தாய்வழி மரபைக் குறிப்பவை ஆகும். ஆகவே இன்றைய மலையாளிகளைச் சமவெளியிலிருந்து வந்தோரும் மலையில் முன்பே வாழ்ந்தோரும் கலந்த மக்களாகக் கருதுவது, கதையின் ஒரு பகுதியை மட்டும் ஏற்பதை விடப் பொருத்தமானது.

ஆங்கிலேயர் காலம்

1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம், பாராமகால் பகுதிகள் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீட் இப்பகுதியின் முதல் ஆட்சியர் ஆனார்.

சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சேர்வராயன் மலையில் பெரும்பரப்பில் நிலம் பெற்றனர். தரிசாக விடப்பட்டிருந்த கொத்துக்காடுகள் எவருக்கும் உரிமையற்ற நிலமாகக் கருதப்பட வழி ஏற்பட்டது. பெரியண்ணனின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட உழவர்கள் பலர், தம் மலையிலேயே தோட்டக் கூலிகளாயினர்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக் காடுகளை உருவாக்கி, காட்டை எரித்துப் பயிரிடும் முறையையும் மேய்ச்சலையும் கட்டுப்படுத்தியது. தரிசு விட்டுத் திரும்பும் சுழற்சி முறை இதனால் முறிந்தது. கல்வராயன் மலையில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு மலையாளித் தலைவர்களின் மூன்று ஜாகிர்கள் விடுதலைக்குப் பின்னரும் நீடித்து, 1976இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தன.

பழங்குடித் தகுதியும் குடிபெயர்வுக் கதையும்

மலையாளிகள் நீலகிரியின் தோடர், கோத்தர் போன்ற தொன்மையான மலைவாழ் மக்கள் அல்லர், அண்மைக் காலத்தில் மலையேறிய சமவெளித் தமிழரே என்று தர்ஸ்டன் எழுதினார். இம்முடிவுக்கு அவர் கொண்ட அடிப்படை மூவர் கதையே ஆகும். காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் என்னும் பெருமையைக் கூறும் கதை, அதே காரணத்தால் மலை மீதான அவர்களது தொன்மை உரிமையை ஐயத்துக்கு உள்ளாக்கியது.

விடுதலைக்குப் பின் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டனர். ஆனால் அந்த ஏற்பு மாவட்ட அடிப்படையில் அமைந்தது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களின் மலையாளிகள் மட்டுமே பட்டியலில் இடம்பெற்றனர். அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, 1979இல் பிரிக்கப்பட்டு இன்று ஈரோடு மாவட்டமாக உள்ள பகுதியின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் விடுபட்டனர். தம்மையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களது நெடுநாள் கோரிக்கை ஆகும். ஒரே முன்னோரைக் கூறும் உறவினர்கள், மாவட்ட எல்லையின் இரு புறங்களிலும் இருவேறு சட்டத் தகுதியுடன் வாழும் நிலை இதனால் உண்டாயிற்று.

1965ஆம் ஆண்டின் லோகூர் குழு பழங்குடிகளை அடையாளம் காண்பதற்குப் பழமையான வாழ்முறை, தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, பிறருடன் பழகத் தயங்குதல், பின்தங்கிய நிலை ஆகிய ஐந்து அளவுகோல்களைக் கூறியது. இவற்றுள் எதுவும் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பதைக் கேட்பது அன்று. ஆகவே காஞ்சியிலிருந்து வந்தோம் என்னும் மரபு, பழங்குடித் தகுதியை மறுப்பதற்குத் தானாகவே ஒரு காரணம் ஆகாது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மலையாளிகளின் எண்ணிக்கை 3,57,980 ஆகும். மாநிலத்தின் பழங்குடி மக்கள்தொகையான 7,94,697 பேரில் இது ஏறத்தாழ 45 விழுக்காடு. மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடிச் சமூகம் இதுவே. சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளான ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டும் இவர்கள் வாழும் மலைகளை உள்ளடக்கியவை.

பிற்காலக் குடிபெயர்வுகள்

மூவர் கதை சமவெளியிலிருந்து மலைக்கு ஏறியதைக் கூறுவது. கடந்த நூறு ஆண்டுகளின் குடிபெயர்வு பெரும்பாலும் எதிர்த் திசையில் அமைந்துள்ளது. நிலம் சுருங்கியதாலும், மானாவாரிப் பயிரின் வருவாய் போதாமையாலும், மலையாளிகள் கல்விக்காகவும் வேலைக்காகவும் சேலம், ஆத்தூர், நாமக்கல், திருப்பூர் முதலிய ஊர்களுக்கு இறங்குகின்றனர். கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் தோட்டங்களுக்குப் பருவகாலக் கூலிகளாகச் செல்வதும் உண்டு.

இவ்வாறு இறங்கிய வாழ்வு பல இடர்களையும் உடையது. அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்திலுள்ள மலையாளிச் சிற்றூரான வாச்சாத்தியில், 1992 சூன் 20 அன்று சந்தனமரக் கடத்தல் தேடுதல் என்னும் பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் புகுந்து மக்களைத் தாக்கினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் இதனை உறுதி செய்தது. 2015 ஏப்ரலில் ஆந்திர மாநிலம் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுள் மலையாளிகளும் இருந்தனர்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 திசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிரிட்டு வாழும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கின்றது. இச்சட்டத்தின்படி உரிமை கோரும் குடும்பம் தன் முன்னோர் எப்போது வந்தனர் என்பதை விட, குறித்த நாளில் அந்நிலத்தை உழுது வாழ்ந்தது என்பதையே நிறுவ வேண்டும். பெரியண்ணன் கதை இதற்குச் சட்டச் சான்று ஆகாவிட்டாலும், கொத்துக்காடு, உழவுகாடு ஆகியவற்றின் பெயர்களும் எல்லைகளும் ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இருப்பது இக்கோரிக்கைகளுக்குத் துணைபுரிகின்றது. சட்டத்தின் விதிகள் ஊர்ப் பெரியோரின் வாய்மொழிக் கூற்றை எழுத்தில் பதிந்து சான்றாக அளிக்கவும் இடம் தருகின்றன.

இவற்றையும் பார்க்க

* சேர்வராயன் மலை
* கொல்லிமலை
* பச்சைமலை
* கல்வராயன் மலை
* அயோத்தியாப்பட்டணம்
* வாச்சாத்தி வன்முறை